கடவுளுக்கே வெளிச்சம்

"இந்த முறை மாரி பிந்துமோ?"

"கடவுளுக்கே வெளிச்சம்."

"எங்கடை காணியை எப்ப விடுவினம்?"

"கடவுளுக்கே வெளிச்சம்."

எமது கிராமங்களில் ஒரு நாளில் எத்தனை தடவை இந்தச் சொல் காதில் விழுகிறது! வெங்காயத்தின் விலை, மாட்டுக்கு வந்த நோய், வெளிநாடு போன பிள்ளையின் மௌனம் எல்லாவற்றுக்கும் இதுவே பதில். சைவர் சொல்வர், கிறிஸ்தவர் சொல்வர். முஸ்லிம் அயலவர் தமது முறையில் அல்லாஹ் அறிவான் என்பர். ஆனால் இதைச் சொல்லும்போது நாம் மனதில் கருதுவது என்ன? ஒருவருக்கும் தெரியாது என்பதைத்தான். கையை விரித்துவிட்டு எழுந்து போவதற்கு ஏற்ற சொல்லாக அது ஆகிவிட்டது.

சொல்லின் பொருளோ இதற்கு நேர்மாறானது. நாம் இருட்டில் நிற்கிறோம், அவர் நிற்கும் இடத்தில் வெளிச்சம் இருக்கிறது என்பதே அதன் பொருள். ஒருவருக்குத் தெரியும் என்று சொல்கிறோம். அப்படி ஒருவருக்குத் தெரியும் என்றால், கதை அதோடு முடியாது. அங்கிருந்துதான் தொடங்கும். நாளாந்தம் கையில் எடுக்கும் சில பொருட்களை வைத்துக்கொண்டு இதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

கார்ட்டும் சீப்பும்

இடம்பெயர்ந்தோர் என்ற பெயர் எமக்கு வந்த நாள் முதல் எம்மை எண்ணாதவர் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நகர்ந்தனர். பாடசாலை, கோயில் மடம், மரநிழல் என்று ஒதுங்கிய இடங்களுக்குக் கொப்பியோடு வந்தவர்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டனர். 2009 இல் வன்னியின் கடைசி நாட்களைத் தாண்டி வந்த ஏறத்தாழ 280,000 பேர் மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பட்டபோதும் முதலில் நடந்தது எண்ணல்தான். மெனிக் பாமின் வலயங்களுக்கு ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரியவர்களின் பெயர்கள் இருந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு இலக்கங்கள் இருந்தன. 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. அந்த இலக்கங்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

எண்ணுவதைக் குறை சொல்ல முடியாது. எண்ணாமல் அரிசியும் மாவும் பருப்பும் பங்கிட ஏலாது. விதானையாரின் பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பம் சங்கக்கடை வாசலில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆனால் கார்ட்டுக்குத் தெரிந்தது வாய்களின் தொகை மட்டும். மூன்றாவது பிள்ளைக்குக் கோதுமை மா ஒத்துக்கொள்ளாது என்பது அதற்குத் தெரியாது. பத்துப் பரப்புத் தோட்டம் செய்து, கூலியாட்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட்ட மனிதர், கையில் வெறும் உரப்பையோடு வரிசையில் நிற்கும்போது ஏன் நிலத்தைப் பார்க்கிறார் என்பதும் அதற்குத் தெரியாது.

கடவுள் எல்லாம் அறிந்தவர் என்றதும் எம்மிற் பலர் இந்தக் கார்ட்டைப் போல ஒரு பெரிய கார்ட்டைத்தான் கற்பனை செய்கிறோம். வானத்தில் ஒரு கந்தோர், அதில் ஒரு பேரேடு, அதற்குள் நாமும் ஒரு வரி. சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் எம்மைப் பயமுறுத்துவதற்கும் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். இயேசு காட்டிய உதாரணம் வேறு வகையானது. எமது தலைமயிர் எல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றார் அவர். மனிதத் தலையில் ஏறத்தாழ 100,000 மயிர்கள் இருக்கும் என்பார்கள். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிரும், புதியவை முளைக்கும். ஆகவே ஒருநாள் எண்ணி எழுதிவைத்த தொகை மறுநாட் காலையில் பிழைத்துப் போகும். கந்தோர்க் கணக்கு இதற்குச் சரிவராது. தினமும் தலையைத் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் இது முடியும்.

பின்னேரம் வேலை ஓய்ந்தபின், தறப்பாள் கொட்டில் வாசலில் ஒரு தாய் மகளின் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். முகாம் என்றால் பேன் இல்லாமல் இராது. அவள் விரலுக்குத் தெரியாத இடம் அந்தத் தலையில் இல்லை. எங்கே தழும்பு, எந்தப் பக்கம் சுழி, எந்த வருடக் காய்ச்சலுக்குப் பின் முன்பக்கம் ஐதானது என்பதெல்லாம் எழுதாமலே அவளுக்குத் தெரியும். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு இருக்கும், தாயோ விடமாட்டாள். இயேசுவின் பேச்சைக் கேட்ட கலிலேயாக் கிராமத்தவர்களும் கந்தோரை நினைத்திருக்க மாட்டார்கள், இப்படி ஒரு தாயைத்தான் நினைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

குருவியின் விலையைப் பற்றியும் அவர் பேசினார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. சந்தைக்குப் போய்ப் பழகிய விவசாயிக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். இரண்டு காசுக்கு நாலுதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி, மொத்தமாய் வாங்கினால் மேலே போட்டுக் கொடுப்பது. அதற்கு விலையே இல்லை. அந்த ஐந்தாவதும் மறக்கப்படுவதில்லை என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. பட்டியலில் விடுபட்டவர்களும், உறவினர் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியால் முகாம்வாசி என்று கணக்கில் வராதவர்களும் இந்த ஐந்தாவது குருவியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கிணறு

வேதாகமத்தில் கடவுளுக்கு ஒரு பெயர் வைத்தவராக நாம் முதலில் சந்திப்பது ஓர் அடிமைப் பெண்ணை. ஆபிரகாமின் வீட்டில் வேலைக்காரியாக இருந்த எகிப்து நாட்டு ஆகார். வயிற்றிலே பிள்ளை. எசமானி சாராயின் கொடுமை தாங்காமல் பாலைவன வழியே ஓடினாள். வழியில் ஒரு நீரூற்றடியில் தேவதூதன் அவளைக் கண்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை எமக்குக் கேளாத சோதனைச் சாவடி உண்டா? ஓமந்தையிலும் தாண்டிக்குளத்திலும் ஊர் ஊராய் இருந்த காவலரண்களிலும் எத்தனை தடவை பதில் சொன்னோம்! ஆனால் ஆகாரின் கதையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கேள்வி கேட்குமுன்னரே தேவதூதன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். அவள் யாருடைய வேலைக்காரி என்பதையும் சொன்னான். அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கவில்லை. ஆதியாகமத்தை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள்: ஆபிரகாமோ சாராயோ அவளைப் பெயர் சொல்லி அழைத்ததாக ஓரிடத்திலும் இல்லை. அவர்கள் வாயில் அவள் எப்போதும் வேலைக்காரி, அடிமைப் பெண். பெயர் சொல்லி அழைத்தது வானத்துக் குரல் மட்டுமே.

அவளிடம் திரும்பிப் போகச் சொல்லப்பட்டது என்பதும் அக்கதையில் இருக்கிறது. அது கசப்பான பகுதிதான், பிரசங்கத்தில் அதை விழுங்கிவிடுவது நேர்மையல்ல. ஆனாலும் அவள் அந்த இடத்தை விட்டுப் போகுமுன் தன்னைக் காண்கிற கடவுள் என்று அவருக்குப் பெயரிட்டாள். அந்தக் கிணற்றுக்கும் உயிரோடிருந்து என்னைக் காண்பவரின் கிணறு என்ற பொருளில் பெயர் நிலைத்தது. இன்னொரு முறை, மகனையும் கையில் கொடுத்து, கொஞ்சம் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் தோளில் வைத்து, அவளை வீட்டை விட்டு ஒரேயடியாய் அனுப்பினார்கள். தண்ணீர் முடிந்தது. பிள்ளை சாவதைப் பாராமல் தூரத்தே போய் இருந்து அழுதாள். அப்போது கடவுள் அவள் கண்ணைத் திறந்தார், அவள் ஒரு கிணற்றைக் கண்டாள் என்றுதான் எழுதியிருக்கிறது. கிணற்றைப் புதிதாய் உண்டாக்கினார் என்று இல்லை. அது அங்கேதான் இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

குடாநாட்டில் பிறந்தவர்களுக்குக் கிணறு என்றாலே கண்ணுக்குத் தெரியாததை நம்புவதுதான். வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்று எமக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் பாரம் குறைந்த நன்னீராய் மிதந்து நிற்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த விஞ்ஞானம் படிப்பாய்த் தெரியாவிட்டாலும் கைப்பழக்கமாய்த் தெரிந்திருந்தது. துலாவும் பட்டையுமாய் இறைத்த காலத்தில் மனிதனின் கை ஓயும், கிணறும் ஊறும். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் கிணற்றுக்கு ஓய்வில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும், ஏறினால் இலேசில் இறங்காது. தோட்டத்துக்கு அள்ளிக் கொட்டும் யூரியாவும் மழையோடு இறங்கி அதே கிணற்று நீரில் நைத்திரேற்றாய் வந்து சேருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, பாலுக்கழும் குழந்தைக்குத்தான் அது முதலில் கேடு. 2014 ஆம், 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த விடயம் நாடெங்கும் பேசப்பட்டது. மின்நிலையப் பக்கத்தில் மண்ணுக்குள் போனது வீட்டுக் கிணறுகளில் வெளிப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றமும் அதைப்பற்றித் தீர்ப்பளித்தது.

மண்ணுக்குள் ஒளித்தது மறைந்துவிடும் என்பது மனிதரின் நினைப்பு. கிணறு அப்படி நினைப்பதில்லை. மறைத்து வைத்தது எதுவும் வெளிப்படாமல் போகாது என்று இயேசு சொன்ன இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கிணற்றுக் கட்டுத்தான் ஞாபகத்துக்கு வரும்.

வேலிக் கதியால்

இதுவரை சொன்னது ஆறுதலான பக்கம். எம்மைக் காண்கிற கடவுள் எமது கையையும் காண்கிறார். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அரைவாசிதான்.

யாழ்ப்பாணத்து வேலிச் சண்டை உலகப் பிரசித்தம். பூவரசங் கதியாலோ கிளுவங் கதியாலோ, வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைக்கும்போது நாலு விரல் தள்ளி நட்டால் பத்து வருடத்தில் ஒரு முழத்துக்கு மேல் காணி. அடுத்த வீட்டுக்காரர் ஊரில் இருக்கும்போதே இப்படி என்றால், அவர் இடம்பெயர்ந்து போய் இருபது முப்பது வருடம் திரும்பாதபோது? அயலவனின் எல்லைக் குறியை நகர்த்துபவனை மோசேயின் சட்டம் சபித்திருக்கிறது. பையிலே பெரிதும் சிறிதுமாய் இரண்டு விதப் படிக்கல் வைத்திருப்பவனையும் அதே சட்டம் கண்டிக்கிறது. வாங்கும்போது ஒரு கொத்து, விற்கும்போது இன்னொரு கொத்து என்று வைத்திருந்த மனிதர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள் போலும்.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டில் ஓடில்லை, கதவில்லை, யன்னலில்லை, கிணற்றடியில் இருந்த கல்லும் இல்லை. எல்லாவற்றையும் படையினர்தான் கொண்டுபோனார்கள் என்று சொல்ல எமக்கே வாய் வராது. சில கதவுகள் எந்த ஊரில், எந்த வீட்டில் பூட்டியிருக்கின்றன என்பது ஊருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் பேசுவதில்லை.

இன்னுமொன்று. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அது நடந்த நாள் ஒக்ரோபர் 30. ஐந்து வருடம் கழித்து நாம் வலிகாமத்தை விட்டு நடந்ததும் அதே திகதியில். இதைத் தண்டனை என்று சொல்ல நான் துணியமாட்டேன். கடவுளின் பேனையை எடுத்து நாம் கணக்கு எழுதக்கூடாது. ஆனால் புத்தளத்துக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளையின் கண்ணீரும் சாவகச்சேரியில் மரத்தடியில் படுத்த பிள்ளையின் கண்ணீரும் அவருக்குத் தெரியும். எங்கள் கண்ணீரை மட்டும் கண்டு மற்றவர்களுடையதைக் காணாமல் விடுகிற கடவுள் ஒருவர் இல்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவரை எல்லாம் அறிந்தவர் என்று அழைக்க முடியாது.

காயீனின் கதையும் தோட்டக்காரனின் கதைதான். அவன் நிலத்தைப் பயிரிட்டவன். தம்பியைக் கொன்றபின், உன் தம்பி எங்கே என்று கடவுள் அவனைக் கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுத்தான் கேட்டார். தெரிந்திருந்தும் கேட்டது, காயீனின் வாயிலிருந்து பதில் வரவேண்டும் என்பதற்காக.

அப்படியானால் ஏன்?

எல்லாம் அறிந்தவர் என்றால் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார்? பங்கருக்குள் இருந்து இதைக் கேட்காத தாய் இல்லை. முள்ளிவாய்க்காலில் நின்றவர்களிடம் போய் இதற்கு விளக்கம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. விளக்கம் சொல்லும் பிரசங்கிகளைக் கண்டால் எனக்குப் பயமாயும் இருக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. வாய் திறந்தபின் சொன்னதெல்லாம் பிழையாய்ப் போயிற்று.

வேதாகமத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டலாம். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளைப் பற்றி யாத்திராகமத்தில் கடவுள் மோசேயிடம் பேசுகிறார். அவர்களின் துன்பத்தைக் கண்டேன், கூக்குரலைக் கேட்டேன், வேதனையை அறிவேன் என்ற கருத்தில் அப்பேச்சுத் தொடங்குகிறது. அறிவேன் என்பதோடு அது நின்றுவிடவில்லை. இறங்கி வந்தேன் என்று தொடர்கிறது, பிறகு நீ போ என்று முடிகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசேக்கு அந்தக் கடைசிப் பகுதி பிடிக்கவில்லை, எத்தனையோ சாட்டுச் சொல்லிப் பார்த்தான். கடவுளின் அறிவு ஒரு மனிதனை எழுப்பி அனுப்பும் அறிவாய் அங்கே இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மற்ற இடங்களிலும் அவர்களைப் போல இருந்தார்கள். பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு 2016 இல் சட்டம் வந்தது, 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். கோவைகள் திறக்கப்பட்டன. பிள்ளை எங்கே என்பதற்குப் பதில் வரவில்லை.

இந்தத் தாய்மாருக்கு முன்னால் நின்று "கடவுளுக்கே வெளிச்சம்" என்று சொல்வது சரியா? அவர்களே சொன்னால் அது செபம். பக்கத்தில் நிற்பவர் சொன்னால் பெரும்பாலும் அது தட்டிக்கழித்தல். ஏனென்றால் இது கடவுளுக்கு மட்டும் தெரிந்த காரியமல்ல. பேருந்தில் ஏற்றியவருக்குத் தெரியும். பெயர் எழுதியவருக்குத் தெரியும். பிள்ளையை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய்ப் படையில் சேர்த்தவருக்கும் தன் பங்குக்குத் தெரியும். தெரிந்த மனிதர் வாய் மூடியிருக்கையில் கடவுளின் பெயரைச் சொல்லி அவர்களைத் தப்பவிடுவது, காயீனிடம் கேட்கப்பட்ட கேள்வியைக் கேட்காமல் விடுவதாகும்.

தெரியாமலே செய்கிற வேலை

இனித் தோட்டத்துக்கு வருவோம். தெரியாமல் வேலை செய்வது விவசாயிக்குப் புதிதல்ல. பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டு மண் மூடுகிறோம். முளை மேலே வராது, முதலில் கீழே இறங்கும். கிழங்கு மண்ணுக்குள் திரண்டு கிடக்கும்போதும் மேலே ஒரு பச்சைத் துளி தெரியாது. பிள்ளைகள் பொறுமை கெட்டு ஒன்றைக் கிண்டிப் பார்த்து அடி வாங்குவார்கள். கொட்டையைப் பிளந்து பூரான் தின்பதும் அந்தக் காலத்துச் சந்தோசம். கிண்டாமல் விட்டது வடலியாகும். வடலி ஆணா பெண்ணா என்று அடையாளம் காண எந்தப் பெரியவராலும் முடியாது. பாளை வரும்வரை, பன்னிரண்டு பதினைந்து வருடம், சிலவேளை அதற்கு மேலும், காத்திருக்கவேண்டும். நுங்கு தருமா தராதா என்று தெரியாமல், அதைத் தின்னத் தான் இருப்பேனா என்றும் தெரியாமல், வரிசையாய்க் கொட்டை புதைத்த பாட்டன்மாரின் வேலையைத்தான் நாம் தின்றோம். போர்க்காலத்தில் பங்கருக்கென்று தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கில்லை. எந்தக் கொட்டைக்குள் எது இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு, தெரியாதவர்கள் புதைப்பதற்குப் போதுமாயிருந்தது.

எமக்குத் தெரிந்தவற்றிலும் ஒரு வேலை இருக்கிறது. வலிகாமம் வடக்கை விட்டு 1990 இல் வெளியேறியவர்களில் சொந்த வளவுக்கு இன்னமும் திரும்ப முடியாத குடும்பங்கள் உள்ளன. காணியின் பெயர், எல்லை, உள்ளே நின்ற மரங்கள் எல்லாம் இப்போது எண்பது வயதைத் தாண்டிய சிலரின் தலையில் மட்டும் இருக்கின்றன. உறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும், விண்ணப்பித்துப் பாருங்கள். வன்னியில் அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டைப் பார்க்கவேண்டும். போரில் பதிவேடுகளே அழிந்த இடங்களும் உண்டு. அப்படியான இடங்களில் வயது போனவர்களின் வாய்ச்சொல்லும் அயலவரின் சாட்சியமும்தான் மிச்சம்.

ஆகவே பேரப்பிள்ளையிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து அப்புவுக்கும் ஆச்சிக்கும் பக்கத்தில் இருத்துங்கள். காணியின் பெயர் என்ன, எத்தனை பரப்பு, கிழக்கே யார், வடக்கே யார், மேற்கே யார், தெற்கே யார் என்று கேட்டு எழுதட்டும். வேலி எந்த மரத்தில் தொடங்கி எந்த மரத்தில் முடிந்தது என்பதையும் எழுதட்டும். அயலவர் முஸ்லிம் என்றால் அவர் பெயரையும் விடாமல் எழுதட்டும், அவருடைய பிள்ளைகள் எங்கோ இதையே தேடிக்கொண்டிருக்கலாம். மொட்டைக்கறுப்பனோ பச்சைப்பெருமாளோ, வயலில் என்ன நெல் விதைத்தார்கள் என்று கேட்கட்டும். கிணறு எத்தனை முழம், எந்த மாதம் வற்றும், தண்ணீர் எப்போது உவர்க்கும் என்று கேட்கட்டும். கிணற்றுக்குப் பெயர் இருந்தால் அதையும், வெட்டியவரின் பெயரையும்.